அடுத்தவர் நாவல் ஒன்று, நம் நாவல் ஒன்று: இரண்டுக்கும் மதிப்புரை எழுதுவது எப்படி

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்தவர் நாவலுக்கு முதலில் எழுதுங்கள். முழுதாக எழுதி முடித்து, ஒரு வாரமாவது ஆறப்போட்டு, அப்புறம்தான் உங்கள் நாவலைக் கையில் எடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் உங்கள் புத்தகத்தில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதுவே அளவுகோலாகிவிடும். உரையாடல் கைவந்தவர் கண்ணில் படும் நாவல் எல்லாவற்றிலும் உரையாடல் மோசம் என்று கண்டுபிடிப்பார், வர்ணனை கைவந்தவருக்கு மற்றவர்கள் எல்லாம் வறட்சியாகத் தெரிவார்கள். முதல் தடவை நான் இப்படித்தான் செய்து இரண்டையும் கெடுத்தேன்.

இந்த இரட்டை மதிப்புரையை எப்போதாவது இதழ்காரர்கள் கேட்பார்கள், வாசகர் கூட்டத்தில் கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும், இரண்டாம் பதிப்புக்கு முன்போ அடுத்த நாவல் தொடங்கும் முன்போ உங்களுக்காகவே ஒரு தடவை செய்து பார்க்கலாம். வேலை என்னவோ கொஞ்சம் அதிகம்தான். இரண்டு புத்தகத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டும், ஒன்றை நீங்களே எழுதியிருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

எந்த நாவலை ஜோடி சேர்ப்பது? ஒரே கதைக்களம், ஒரே காலம் என்று தேடாதீர்கள். எழுத்தில் ஒரே சிக்கலைச் சந்தித்த நாவலாகத் தேடுங்கள். என் நாவலில் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரிகள், அம்மாவின் நோய் காரணமாக ஒரே வீட்டில் இருக்க வேண்டி வருகிறது, அத்தியாயம் மாற்றி அத்தியாயம் அக்காவும் தங்கையும் கதை சொல்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட நாவலில் ஓர் அப்பாவும் மகனும், மூடப்போகிற ஓர் அச்சகம். கதைக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அங்கேயும் இரண்டு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள், இரண்டு குரலும் வேறு வேறாகக் கேட்டாக வேண்டும். அந்த ஒரு சிக்கல் போதும், இரண்டு புத்தகமும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிடும்.

நெருங்கிய நண்பரின் நாவல் வேண்டாம், உங்களுக்கு ஆகாதவரின் நாவலும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மகத்தான செவ்வியல் நாவலையும் எடுக்காதீர்கள். பார்வைக்கு அது பணிவு மாதிரி இருக்கும், ஆனால் "அந்த மாமலையின் முன் என் சிறு கூழாங்கல்" என்று எழுதுகிறவர் மனதுக்குள் மலையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். கிட்டத்தட்ட உங்கள் உயரத்தில் இருக்கிற, கிட்டத்தட்ட உங்கள் பக்க எண்ணிக்கையில் இருக்கிற புத்தகமாக இருந்தால் நல்லது.

படிக்கும் முறை

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். வாசகராக மட்டும் படியுங்கள், பிடித்தால் வேகமாகப் போங்கள், அலுத்தால் அலுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஓரத்தில் மூன்றே மூன்று குறி போடுகிறேன், அதற்கு மேல் போட்டால் குழம்பிவிடும். 'நி' என்றால் நின்ற இடம், அதாவது புரியாமலோ ரசித்தோ திரும்பப் படித்த இடம். 'தா' என்றால் தாண்டிய இடம், கண் தானாகக் கீழே இறங்கிவிட்ட இடம். 'பொ' என்றால் பொறாமை வந்த இடம்.

இந்த 'பொ' எழுதுகிறவர்களுக்கே உரிய கருவி. சாதாரண வாசகர் "நன்றாக இருக்கிறது" என்று போய்விடுவார். நமக்கோ நல்ல பத்தியைப் பார்த்தால் வயிற்றில் ஒரு சின்ன எரிச்சல் வரும், இது எனக்குத் தோன்றவில்லையே என்று. அந்த எரிச்சலை மறைக்காமல் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள், மதிப்புரையில் பாராட்ட வேண்டிய இடம் அதுதான். அச்சக நாவலில் எனக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. கடைசி நாள், வேலையாட்கள் எல்லாரும் போன பிறகு, அப்பா ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறார், கடைசி விளக்கின் சுவிட்சில் கை வைத்தபடி மகனைப் பார்க்கிறார், அணைக்கிறார். அத்தியாயம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. பெரிதாக 'பொ' போட்டேன், எரிச்சல் இரண்டு நாள் இருந்தது.

அடுத்தது குற்றம் பார்ப்பது. இதற்கு நான் பவணந்தியாரைத்தான் பிடித்துக்கொள்கிறேன். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்: குன்றக் கூறல் (குறைத்துச் சொல்வது), மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொல்லைச் சேர்ப்பது), மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் (பொருள் இல்லாமல் சொல்லை அடுக்குவது), மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இலக்கண நூலுக்குச் சொன்னதை நாவலுக்கு அப்படியே போட முடியாது. மயங்க வைத்தல் நாவலில் பல நேரம் கலை, குன்றக் கூறலையும் நாம் நுட்பம் என்று கொண்டாடுகிறோம், சில நேரம் அது நுட்பம்தான், சில நேரம் எழுதத் தெரியாமல் விட்டது. ஆனால் 'சென்று தேய்ந்து இறுதல்' இருக்கிறதே, அதைவிடத் துல்லியமாக ஒரு நாவலின் நோயைச் சொல்ல இன்றைக்கும் சொல் கிடையாது. முதல் நூறு பக்கம் பாய்ந்து, அடுத்த நூறு பக்கம் நடந்து, கடைசி ஐம்பது பக்கம் ஊர்ந்து எங்கேயோ மணலில் வற்றிப்போகும் நாவல்களை எல்லாரும் படித்திருப்போம். 'மற்றொன்று விரித்தல்' ஆராய்ச்சி செய்து எழுதுகிறவர்களுக்கு வரும். திரட்டிய தகவலை விட மனசு வராது, ஒரு பாத்திரம் கடிகாரத்தைப் பார்த்தால் கடிகார வரலாறு மூன்று பக்கம் ஓடும். 'நின்று பயன் இன்மை' பெரும்பாலும் பக்கப் பாத்திரங்களிடம் தெரியும், வருவார்கள், உட்கார்வார்கள், ஒருவரும் அவர்களைக் கதைக்குள் கூப்பிடமாட்டார்கள்.

பட்டியலில் இருக்கிற பத்தையும் தேடிப் பிடித்து எழுத வேண்டும் என்று இல்லை. உங்கள் 'தா' குறிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் இந்தப் பத்தில் எது என்று பார்த்தாலே போதும். ஏன் தாண்டினோம் என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். காரணம் இல்லாமல் "கொஞ்சம் இழுவை" என்று எழுதுவதைவிட எழுதாமல் இருக்கலாம்.

அடுத்தவர் நாவலை எழுதும்போது

எழுத்தாளர்கள் மதிப்புரை எழுதினால் ஒரு வியாதி வரும், "நானாக இருந்தால்" வியாதி. மகன் பாத்திரத்தை இன்னும் கோபக்காரனாக ஆக்கியிருப்பேன், அச்சகம் மூடுவதோடு நாவலைத் தொடங்கியிருப்பேன், அம்மாவுக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்திருப்பேன் என்று. இவையெல்லாம் நீங்கள் எழுதாத ஒரு நாவலுக்கான குறிப்புகள். அப்டைக், அமெரிக்க நாவலாசிரியர், நிறைய மதிப்புரை எழுதியவர், 1975இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் மதிப்புரைக்குச் சில விதிகள் போட்டுவைத்தார். ஆசிரியர் எதைச் செய்ய நினைத்தாரோ அதைப் புரிந்துகொள், அவர் முயலாத ஒன்றை அடையவில்லை என்று பழிக்காதே என்பதுதான் அதில் முதல் விதி.

நல்ல விதி, ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம். அதனால் நான் ஒரு தனித் தாளை வைத்துக்கொள்கிறேன். "நானாக இருந்தால்" என்று தோன்றுகிற எல்லாவற்றையும் அந்தத் தாளில் கொட்டிவிடுவேன், மதிப்புரையில் ஒன்றுகூட வராது. தாளைக் கிழித்துப் போடவும் மாட்டேன். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எழுதும் அளவைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு மதிப்புரைக்கும் ஒரே அளவு, எண்ணூறு சொல் என்றால் இரண்டும் எண்ணூறு. அடுத்தவருக்கு ஐந்நூறும் உங்களுக்கு ஆயிரத்து இருநூறும் ஓடினால் வாசகர் உள்ளே படிக்கவே வேண்டாம், பார்த்ததுமே புரிந்துகொள்வார். கதைச் சுருக்கம் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது, அதுவும் முதல் மூன்றில் ஒரு பங்கில் நடப்பதோடு நின்றுவிட வேண்டும். ஒரு பத்தியாவது நாவலிலிருந்து நேராக எடுத்துப் போடுங்கள், நீங்கள் சொல்வது சரியா என்று வாசகரே தீர்மானிக்கட்டும். பத்தியைப் போட்டால் மட்டும் போதாது, அதில் எந்தச் சொல், எந்த வாக்கியம் என்று தொட்டுக் காட்ட வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒட்டுச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை வேறொரு நாவலின் மதிப்புரையில் ஒட்டினால் ஒட்டுமா என்று கேட்க வேண்டும். ஒட்டினால் அடித்துவிடுங்கள். "பாத்திரங்கள் உயிரோட்டமாகப் படைக்கப்பட்டுள்ளன, நடை சரளமாக இருக்கிறது" என்பது எதில் வேண்டுமானாலும் ஒட்டும். என் முதல் வரைவில் அப்படி ஏழு வாக்கியம் இருந்தது, வெட்கமாகத்தான் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"அப்பா பேசும் அத்தியாயங்களில் வாக்கியம் முடிவதே இல்லை, ஒரு மூச்சில் பாதிப் பக்கம் போய்விடுவார். மகன் எண்ணிப் பேசுகிறவன். அச்சகத்தை விற்கும் அத்தியாயத்தில் மட்டும் மகனின் வாயில் மூன்று வரி உவமை ஒன்று வருகிறது. அது அப்பாவின் சொத்து. துக்கத்தில் மகன் அப்பாவைப் போல் ஆகிவிட்டான் என்று ஆசிரியர் காட்டுகிறாரா, கை தவறியதா என்பதற்கு அடுத்த பக்கங்களில் தடயம் இல்லை."

இதை வேறு புத்தகத்தில் ஒட்ட முடியாது. ஆசிரியர் படித்தால் கோபப்படலாம், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்து கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

சரி, இப்போது ஆறப்போடுங்கள்.

நம் நாவலுக்கு வரும்போது

இங்கே சிக்கல் தலைகீழ். அடுத்தவர் நாவலில் நமக்குத் தெரிந்தது அச்சில் இருப்பது மட்டும். நம் நாவலில் அச்சில் இல்லாததும் தெரியும், வெட்டிய அத்தியாயம் தெரியும், அந்தப் பாத்திரம் யாரைப் பார்த்து எழுதியது என்று தெரியும், பதிப்பாசிரியர் மாற்றச் சொன்னது தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டு படித்தால் பக்கத்தில் எழுதாததைக்கூட எழுதியதாகவே கண் படித்துக்கொண்டு போகும்.

அதனால் இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட 'தி விங்ஸ் ஆஃப் த டவ்' நாவலை, 1907 முதல் 1909 வரை 'நியூயார்க் பதிப்பு' என்ற பெயரில் வந்த தன் நூல் தொகுப்புக்காகத் திரும்பப் படித்து முன்னுரை எழுதினார். நாவலின் மையம் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, அதனால் பிற்பாதி நெருக்கப்பட்டுவிட்டது என்று காரணத்தோடு சொல்லி, அந்தப் பிற்பாதியைப் பொய்யான, உருக்குலைந்த பாதி என்றே எழுதினார். ஏழு வருட இடைவெளி எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் அச்சாகி ஆறு மாதத்துக்குள் இதைச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்வேன், அது வரைக்கும் வாழ்த்துகளின் சத்தம் காதில் இருக்கும், அல்லது வாழ்த்தே வராத கோபம் இருக்கும்.

கணினிக் கோப்பில் படிக்காதீர்கள், விரல் திருத்தப் போய்விடும். அச்சுப் பிரதியில் படியுங்கள், அதிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருக்கிற பிரதி வேண்டாம், கொஞ்சம் கசங்கிய வேறு பிரதியாக இருந்தால் நல்லது (இதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, எனக்கு வேலை செய்தது). அதே மூன்று குறிகள், அதே பத்துக் குற்றம். 'தா' போடத்தான் மனசு வராது. எழுதியவருக்குத் தன் பத்தியைத் தாண்டத் தோன்றாது என்று நினைப்போம், ஆனால் உற்றுப் பார்த்தால் கண் தாண்டியிருக்கும். அடுத்து என்ன வருகிறது என்று தெரிந்ததால் தாண்டினேன் என்று சமாதானம் வேறு வரும். சமாதானத்தை நம்பாமல் குறியைப் போடுங்கள்.

இப்போது அந்தத் தனித் தாளை எடுங்கள். "நானாக இருந்தால்" என்று அடுத்தவருக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் உங்கள் ஆசைகளின் பட்டியல். அவற்றை உங்கள் நாவலில் நீங்கள் செய்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் தாளில் முதல் வரி, மகனின் குரல் இன்னும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது. சரி, என் சகோதரிகளின் குரல் எப்படிக் கேட்கிறது? எனக்கே தெரியாது, எனக்கு இரண்டு பேரும் மனதுக்குள் தெளிவாகப் பேசுகிறார்கள். அதனால் இரண்டு நாவலையும் படித்த ஒருவரைப் பிடித்தேன். ஒவ்வொரு நாவலிலிருந்தும் பத்துப் பத்தி, பெயர்களையும் சம்பவம் காட்டிக்கொடுக்கிற சொற்களையும் நீக்கிவிட்டு, யார் பேசுகிறார் என்று கேட்டேன். அப்பா மகன் நாவலில் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். என் நாவலில் பத்துக்கு ஐந்து.

ஐந்து என்றால் காசைச் சுண்டிப் போட்டாலே வந்துவிடும். எட்டு வாங்கிய நாவலுக்கு நான் "மகன் குரலில் கை தவறியதா" என்று எழுதி வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ஓடிப்போய் முதல் மதிப்புரையைத் திருத்தத் தோன்றும். குற்ற உணர்ச்சியில் அடுத்தவரின் குறையை அழிக்காதீர்கள், அந்த மூன்று வரி உவமை இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் நாவல் மோசமாக இருப்பதால் அது சரியாகிவிடாது. நான் மாற்றியது ஒரே ஒரு சொல், 'தடுமாற்றம்' என்று இருந்ததை எடுத்துவிட்டேன். கண்டுபிடிப்பைத் தொடக் கூடாது, தொனியைத் தொடலாம்.

இனி எழுத ஆரம்பிக்கலாம். முதல் வரைவைப் படர்க்கையில் எழுதுங்கள், "ஆசிரியர் இங்கே" என்று. வெளியிடும்போது "நான்" என்று மாற்றிக்கொள்ளலாம், மாற்றத்தான் வேண்டும், ஆனால் வரைவில் "நான்" வந்தால் கூடவே கதையும் வந்துவிடும். நான்கு விஷயம் கட்டாயம் உள்ளே வரக் கூடாது: எழுத எத்தனை வருடம் ஆனது, என்ன சொல்ல நினைத்தேன், எவ்வளவு படித்துத் திரட்டினேன், யார் யார் பாராட்டினார்கள். என் முதல் முயற்சியில் இந்த நான்கையும் எடுத்தபோது ஆயிரத்து நூறு சொல் முந்நூறாகச் சுருங்கியது. மீதி எண்ணூறும் முன்னுரைக்கானது, அதையும் முன்னுரையில் ஏற்கனவே எழுதியிருந்தேன். கூறியது கூறல்.

சுயமதிப்புரை என்றதும் தற்புகழ்ச்சி வந்துவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பவணந்தியாரும் "தோன்றாத் தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்று சொன்னவர்தான். அடுத்த சூத்திரத்தில் விலக்கும் கொடுத்திருக்கிறார்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடத்தில், அவையில் வாதம் வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது புகழ்ந்துகொள்ளலாம். இதில் இரண்டாவது விலக்கை வைத்துக்கொண்டுதான் இன்று நாம் எல்லாரும் இணையத்தில் குடித்தனம் நடத்துகிறோம், நம் ஆற்றல் அறியாதவர்களுக்குப் பஞ்சமே இல்லையே.

என் அனுபவத்தில் புகழ்ச்சி அவ்வளவு ஆபத்து இல்லை, வாசகர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். விளக்கம்தான் ஆபத்து. அடுத்த ஆபத்து போலிப் பணிவு. "குறைகள் பல இருக்கலாம்" என்று எழுதாதீர்கள், இருக்கலாம் என்றால் நீங்கள் தேடவில்லை என்று அர்த்தம். நாலு அச்சுப்பிழையையும் ஒரு தேதிக் குழப்பத்தையும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, நாவல் நடுவில் விழுந்துவிட்டதைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

தன் குறையை நேராகச் சொல்வது, தனக்காகத் தானே வாதாடுவது, இந்த இரண்டையும் ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஒரே மதிப்புரையில் செய்து காட்டினார். நாவல்களைப் பெயர் போடாமல் வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழின் 1817 ஜனவரி என்று தேதியிட்ட வெளியீட்டில், தன் நாவல்களைப் பற்றித் தானே பெயர் போடாமல் எழுதினார், நண்பர் வில்லியம் எர்ஸ்கினுக்கும் அதில் பங்கு உண்டு. தன் கதாநாயகர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், ஆனால் சப்பென்று இருக்கிறார்கள் என்று அதில் வருகிறது. எந்த விமர்சகரும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அதே கட்டுரையில், நாவலின் வரலாற்றுச் சித்திரிப்பை எதிர்த்தவர்களுக்குப் பதிலும் நீளமாகப் போகிறது, அங்கே மதிப்புரைக்காரர் வக்கீலாகிவிடுகிறார். முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை விடுங்கள். உங்கள் நாவலைத் திட்டியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் அதைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள், மதிப்புரை என்ற சட்டையை அதற்கு மாட்டாதீர்கள்.

பாராட்டவும் வேண்டும், இதில் கூச்சப்படக் கூடாது. அடுத்தவர் நாவலில் விளக்கு அணைக்கிற காட்சியைப் பாராட்டிவிட்டு உங்கள் நாவலில் ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்தானே. என் நாவலின் 143ஆம் பக்கத்தில், அம்மாவின் மாத்திரைப் பெட்டியைச் சகோதரிகள் வாரத்துக்கு நிரப்புகிறார்கள். ஏழு நாள், காலை ஒரு குழி, இரவு ஒரு குழி. அக்கா காலைக் குழிகளை நிரப்பிப் பெட்டியை மேசையில் தள்ளுகிறாள், தங்கை இரவுக் குழிகளை நிரப்பித் திருப்பித் தள்ளுகிறாள், ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் கழித்துப் படித்தபோது எனக்கே 'பொ' வந்தது, யார் எழுதியது இது என்று. அதை மதிப்புரையில் தயங்காமல் எழுதினேன்.

ஆனால் அந்தப் பக்கம் அங்கே முடியவில்லை. கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. "பன்னிரண்டு வருடம் நாங்கள் பேசாததை எல்லாம் அந்தச் சின்னக் குழிகள் பேசிவிட்டன" என்று தங்கை நினைக்கிறாள். எழுதியபோது இந்த வரிதான் காட்சிக்கே கிரீடம் என்று நினைத்தேன், அச்சுக்குப் போகும் முன் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் கண்ணில் படவில்லை. விளக்கு அணைத்ததும் வாயை மூடிக்கொண்ட அந்த இன்னொரு ஆசிரியரைப் படித்திருக்காவிட்டால் இப்போதும் பட்டிருக்காது. மதிப்புரையில் இப்படிப் போனது:

"மாத்திரைப் பெட்டிக் காட்சியில் ஆசிரியர் வாசகரை நம்புகிறார், பக்கத்தின் கடைசி வரியில் அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இது ஓர் இடத்தில் மட்டும் நடந்த விபத்து இல்லை. முப்பத்தொரு அத்தியாயத்தில் ஒன்பது அத்தியாயங்கள் இப்படி ஒரு விளக்க வாக்கியத்தோடு முடிகின்றன, ஒன்பதும் யார் குரல் என்று தெரியாத குரலில்."

ஒன்பது என்று எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன். நம் குறையைச் சொல்லும்போது எண்ணிக்கை நல்லது, மிகைப்படுத்தவும் விடாது, மழுப்பவும் விடாது.

வெளியிடும்போது

இரண்டையும் சேர்த்து வெளியிட்டால் முதல் பத்தியிலேயே ஒன்று என் நாவல் என்று சொல்லிவிடுங்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி பர்ஜஸ் 1963இல் ஜோசப் கெல் என்ற புனைபெயரில் 'இன்சைட் மிஸ்டர் எண்டர்பி' என்ற நாவலை வெளியிட்டார். அவர் மதிப்புரை எழுதிக்கொண்டிருந்த 'யார்க்ஷயர் போஸ்ட்' பத்திரிகை அதே நாவலை அவருக்கே மதிப்புரைக்கு அனுப்பிவைத்தது. பத்திரிகை ஆசிரியர் விளையாடுகிறார் போல என்று நினைத்து அவரும் எழுதிக் கொடுத்தார், புகழ்ந்துகூட எழுதவில்லை, இது அழுக்கான புத்தகம் என்கிற மாதிரிதான் எழுதினார். விஷயம் தெரிந்ததும் வேலை போனது. திட்டி எழுதினாலும் மறைத்து எழுதினால் கணக்கு ஒன்றுதான். 2004 பிப்ரவரியில் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறால் பெயரில்லாத மதிப்புரைகளுக்குப் பின்னால் இருந்த உண்மைப் பெயர்கள் கொஞ்ச நாள் வெளியே தெரிந்தன, அதில் சில எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே எழுதிக்கொண்டது அம்பலமானது. அமேசானில் ஆசிரியர் தன் புத்தகத்துக்கு வாடிக்கையாளர் மதிப்புரை எழுதவே கூடாது, வீட்டு ஆட்களும் நெருங்கிய நண்பர்களும் கூடாது, அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். நட்சத்திரம் கொடுப்பதும் வேண்டாம், உங்களுக்கு நீங்களே ஐந்து கொடுத்தாலும் அசிங்கம், மூன்று கொடுத்தாலும் நாடகம்.

எது சிறந்தது என்று கடைசியில் தீர்ப்பு எழுதாதீர்கள். எட்டும் ஐந்தும் எழுதியாகிவிட்டது, வாசகருக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். அடுத்தவரிடம் மதிப்புரையை முன்கூட்டிக் காட்டி அனுமதி வாங்கவும் வேண்டாம். வெளிவந்த பிறகு அவர் கூப்பிட்டால், நன்றி சொன்னால் நன்றி சொல்லுங்கள், சண்டை போட்டால் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இரண்டு மதிப்புரையையும் படர்க்கை வரைவிலேயே, நாவல் பெயர் ஆசிரியர் பெயர் எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு நாவலையும் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, இதில் எது சொந்தப் புத்தகத்துக்கு எழுதியது என்று கேளுங்கள். என்னுடையதை வாங்கிப் படித்தவர் இரண்டு நிமிடத்தில் சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி என்றேன். மூன்றாவது பத்தியைக் காட்டினார், "நான்கு வரைவுக்குப் பிறகும் தங்கையின் குரல்" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்திருந்தது. "எத்தனை வரைவு என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்த மூன்று சொல்லை அடித்துவிட்டு அனுப்பினேன்.